கிணறு இல்லாத வீடு

“கெணறு எங்க இருக்கு?”

மாப்பிள்ளை வீட்டு வாசலில், செருப்பைக்கூடக் கழற்றாமல், என் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி இதுதான். மலை ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. கக்கத்தில் குடை, தோளில் துண்டு, அந்தக் குளிரிலும் நெற்றியில் வேர்வை. எதிரே மாப்பிள்ளையின் அப்பா கும்பிட்ட கையோடு நிற்கிறார். அவர் பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டியபடி நிற்கிறாள்.

“கெணறுங்களா? இங்க கெணறு கெடையாதுங்க” என்றார் மாப்பிள்ளையின் அப்பா, வெகு சாதாரணமாக.

பெரியப்பா சொம்பை வாங்கவில்லை. திரும்பி என் அம்மாவைப் பார்த்தார். இந்த வீட்டுக்கா என்னை இழுத்துக்கொண்டு வந்தாய் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டி நின்றேன். பெண் நான்தான்.

சென்ற வாரம் திண்டுக்கல் குழாயடிச் சண்டைகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு என் மருமகள் கோபித்துக்கொண்டாள். “அத்தை, குடத்தால மண்டைய உடைச்சதையெல்லாமா பத்திரிகையில எழுதுவாங்க?” என்றாள். சரி என்று இந்த வாரம் கல்யாணக் கதைக்கு வந்திருக்கிறேன். ஆனால் இதிலும் தண்ணீர்தான் வரும். திண்டுக்கல்காரியிடம் வேறு என்ன கதை இருக்கும்?

கல்லைப் போட்டுப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்குமுன் மாப்பிள்ளை வீட்டைப் போய்ப் பார்ப்பார்கள். நிலம் எவ்வளவு, மாடு எத்தனை, கூரையா ஓடா என்பதெல்லாம் பிறகுதான். முதலில் கிணறு. பெண் வீட்டுப் பெரியவர் கிணற்று மேட்டில் ஏறி நின்று ஒரு சின்னக் கல்லை உள்ளே போடுவார். ‘டுப்’ என்று சத்தம் வர எவ்வளவு நேரமாகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்பார். சத்தம் சீக்கிரம் வந்தால் முகம் மலரும். தாமதமானால் வெற்றிலையை மென்றுகொண்டே துண்டை உதறித் தோளில் போடுவார். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

இதில் என் பெரியப்பா பெரிய கை. சேவுகம்பட்டிப் பக்கம் அவருக்குத் தென்னந்தோப்பும் கொஞ்சம் நஞ்சையும் உண்டு. சொந்தக்காரர் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் அவர்தான் போய்க் கல் போட்டு வருவார். பங்குனி சித்திரையில்தான் போவார். “ஐப்பசியில எந்தக் கெணத்துலதான் தண்ணி இருக்காது?” என்பது அவர் வாதம். அவர் போட்ட கல்லால் முறிந்துபோன கல்யாணங்களை எண்ணினால் ஒரு ஊரையே குடிவைக்கலாம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். பெண் வீட்டார் இலையில் உட்கார்ந்துவிட்டால் சம்மதம் சொன்ன மாதிரி. பிடிக்கவில்லை என்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வெளியே வந்துவிடுவார்கள். அதனால்தான் பெரியப்பா அந்தச் சொம்பைத் தொடவில்லை.

அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா திண்டுக்கல்லில் ஒரு சந்து வீட்டில் இருந்துகொண்டு கடைகளுக்குப் பூக் கட்டிக் கொடுத்தாள். ஆத்தூரில் அணை கட்டி ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரத் தொடங்கியிருந்த காலம் அது. வரும் என்றால், முறை வைத்து வரும். எங்கள் தெருவுக்கு முறை வராத நாட்களில் நானும் அம்மாவும் எங்கெங்கோ போய் இறைத்துச் சுமந்து வருவோம். கோடையில் மல்லிகை மொட்டு வாடாமல் ஈரத்துணி போட்டு மூட வேண்டும். பூவுக்குத் தெளிக்கத் தண்ணீர் இருக்கும், எங்களுக்குத் தலைக்கு ஊற்ற இருக்காது. என் உச்சந்தலையில் சும்மாடு உட்காரும் இடத்தில் முடி கொஞ்சம் தேய்ந்தே இருந்தது. பெண் பார்க்க வருபவர்களுக்குத் தெரியாமல் அம்மா அதை வாரி மறைப்பாள்.

மலையிலிருந்து ஒரு வரன் வந்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: “அங்க தண்ணி இருக்கா?” தரகர் சிரித்தார். அந்தச் சிரிப்பே அம்மாவுக்குப் போதுமாக இருந்தது.

வீடு பார்க்கப் பெண்ணைக் கூட்டிப் போவதில்லை. அம்மா அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். மலையில் இருக்கும் முருகன் கோயிலுக்கு எனக்காக ஒரு வேண்டுதல் பாக்கி இருக்கிறதாம். அதைச் செலுத்தப் போகிற வழியில் அந்த வீட்டையும் எட்டிப் பார்க்கலாமாம். அப்படி ஒரு வேண்டுதல் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும்.

பங்குனி மாதம். விடியுமுன் கிளம்பி, வத்தலக்குண்டில் பஸ் மாறி மலை ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகளில் பெரியப்பா ஜன்னலை விட்டுத் தலையை உள்ளே எடுக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை முகர்ந்து முகர்ந்து அதன் தோல் உரிந்துவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கியபின் ஒற்றையடிப் பாதையில் நடை வேறு. அவ்வளவையும் கடந்து வந்தவரிடம் கிணறு இல்லை என்றால் கோபம் வராதா?

நிறுத்த வழியில்லாத தண்ணீர்

அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு கல்தொட்டி. அதற்கு மேலே பிளந்த மூங்கில் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மூங்கிலிலிருந்து ஒரு கை கனத்துக்குத் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, சேம்பங்கன்றுகளுக்கு நடுவே ஓடிச் சரிவில் இறங்கிப் போனது.

அம்மா அதைப் பார்த்துப் பதறிப்போனாள். ஓரமாகக் கிடந்த அண்டாவை இழுத்து வழிகிற இடத்தில் வைத்தாள். அது நிறைந்தது. ஒரு குடத்தை வைத்தாள். அதுவும் நிறைந்தது. தவலை, வாளி என்று கைக்கு எட்டியதையெல்லாம் வைத்துவிட்டு, மாப்பிள்ளையின் அம்மாவிடம், “மதினி, இத நிப்பாட்ட ஒரு வழியும் இல்லையா? வீணாப் போகுதே” என்றாள்.

அந்த அம்மாளுக்குக் கேள்வியே புரியவில்லை. “அது பாட்டுக்குப் போவட்டுங்க மதினி” என்றாள்.

பெரியப்பாவுக்கு இதெல்லாம் எடுபடவில்லை. “சம்மந்தி…” என்று ஆரம்பித்த மாப்பிள்ளையின் அப்பாவை, “இன்னும் ஆகல” என்று வெட்டினார். “மூங்கில்ல வாரது இன்னைக்கு வரும், நாளைக்கு நின்னுபோகும். கெணறுன்னா நம்ம காலடியில கெடக்கும். இந்தத் தண்ணி எங்கேயிருந்து வருது? அதையாச்சும் காட்டுங்க, பாப்போம்.”

எல்லாருமாக மேலே ஏறினோம். முன்னால் மாப்பிள்ளையின் அப்பாவும் பெரியப்பாவும். பின்னால் பெண்கள் நாங்கள் மூவர். இவர் மட்டும் எங்களுக்கு வெகு பின்னால், ஏதோ தன் மாட்டைத் தேடி வருகிறவர் மாதிரி வந்தார். இவர் என்றால் இவர்தான். பெயரைச் சொல்ல இந்த வயசிலும் நாக்கு வரவில்லை, வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வெளியே வந்தால் நனையாது

முதலில் புல்வெளி, முழங்கால் உயரத்துக்கு. அதன் நடுவே, மலை மடிந்து உள்வாங்கிய இடத்தில் கரும்பச்சையாக ஒரு காடு. சோலை என்றார்கள். எங்கள் ஊரில் சோலை என்றால் நாலு மாமரமும் ஒரு பம்ப்செட்டும் இருக்கும். இது வேறு.

காட்டின் ஓரத்தை நெருங்கும்போது கீழேயிருந்து மஞ்சு ஏறி வந்தது. மலையில் மேகத்தை அப்படித்தான் சொல்வார்கள். கண் மூடித் திறப்பதற்குள் முன்னால் போன பெரியப்பாவின் குடை மட்டும் தெரிந்தது, பிறகு அதுவும் தெரியவில்லை. முகத்தில் பொடிப்பொடியாக ஈரம் பட்டது. சமவெளிக்காரர்கள் என்ன செய்வோம்? “மழ வருது, ஓடியா!” என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்கு ஓடினாள். பெரியப்பாவும் எங்கிருந்தோ ஓடிவந்து எங்கள் பக்கத்தில் ஒதுங்கினார்.

அங்கேதான் கொட்டியது. இலையிலிருந்து, கிளையிலிருந்து, தண்டிலிருந்து, பொட்டுப் பொட்டென்று தலையிலும் தோளிலும் கழுத்துக்குள்ளும் விழுந்தது. பெரியப்பா குடையை விரித்தார். இன்னும் உள்ளே தள்ளிப் போனோம். இன்னும் அதிகமாகக் கொட்டியது.

“உள்ள போகாதீங்க மதினி, வெளிய வாங்க!” மாப்பிள்ளையின் அம்மாவின் குரல் மஞ்சுக்குள்ளிருந்து கேட்டது. “வெளிய வந்தா நனையாதுங்க!”

எங்களைக் கேலி செய்கிறாள் என்று நினைத்தேன். மெதுவாக நாலடி வெளியே வந்தால், நிஜம்தான். புல்வெளியில் மழையே இல்லை. அந்த அம்மாள் புடவை நனையாமல் நின்றுகொண்டிருக்கிறாள். காட்டுக்குள் மட்டும் மழை பெய்கிறது.

“மழ இல்லைங்க மதினி. மஞ்சு வந்து எலையில, பாசியில ஒட்டிக்கும். அப்புறம் சொட்டும். மழையில்லாத மாசத்துலயும் மஞ்சு வந்தாச் சொட்டும்” என்றாள் அவள்.

நனைந்ததுதான் நனைந்தோம் என்று மறுபடி உள்ளே போனோம். அந்தக் காட்டை நான் முதலில் பார்த்தது அப்படித்தான்.

மரங்கள் உயரமில்லை. காற்றுக்கு முதுகைக் காட்டிக் கோணிக்கோணி நின்றன. ஒரு மரத்துக்கும் பட்டை தெரியவில்லை. அடியிலிருந்து நுனிவரை பச்சைப் பாசி, கம்பளி போர்த்தின மாதிரி. பாசியின் மேல் பெரணி. பெரணிக்கு நடுவே, மண்ணே படாமல் கிளையில் உட்கார்ந்து பூத்திருந்த வெள்ளைப் பூ. நாங்கள் கட்டுகிற பூக்களில் அது சேர்த்தியில்லை. தென்னைபோல் நின்று உச்சியில் விரிந்த பெரணி மரம்கூட ஒன்று இருந்தது. காலடியில் மண் தெரியவில்லை. காலம் காலமாக விழுந்த இலை மக்கிக் கறுத்து, மிதித்தால் மெத்தைபோல் அமுங்கியது. எங்கேயோ ஒரு பறவை, மனுஷன் யோசித்துக்கொண்டே சீட்டியடிப்பதுபோல் நிறுத்தி நிறுத்திப் பாடியது.

பெரியப்பா திடீரென்று கத்தினார். கெண்டைக்காலில் அட்டை. பிய்க்கப் பிய்க்க அது நீண்டதே தவிர விடவில்லை. மாப்பிள்ளையின் அப்பா, “வாயில இருக்கிற பொயிலயத் துப்புங்க அதுமேல” என்றார். துப்பினார், அட்டை சுருண்டு விழுந்தது. திண்டுக்கல் புகையிலை என் பெரியப்பாவுக்குச் செய்த ஒரே நன்மை அதுதான்.

அம்மா மட்டும் ஒரு மரத்தருகே நின்றுவிட்டாள். பாசியில் கையை வைத்து மெல்ல அழுத்தினாள். துணியைப் பிழிந்த மாதிரி விரலிடுக்கில் தண்ணீர் வழிந்தது. கையை எடுத்தாள், மறுபடி அழுத்தினாள். மறுபடி வழிந்தது.

“ஏ புள்ள, இங்க பாருடி” என்றாள் என்னிடம், ரகசியம் சொல்வதுபோல. “மேகத்தப் பிடிச்சுக் கறக்குது.”

காட்டின் கீழ் விளிம்பில், வேர்களுக்கு நடுவே, தண்ணீர் கசிந்து கசிந்து ஓர் ஊற்றாகக் கூடியது. மூங்கில் குழாய் அங்கிருந்துதான் தொடங்கியது. மிச்சம் ஓடையாகி இறங்கியது. “இது எங்க போகுது?” என்று அம்மா கேட்டாள். “கீழ ஆத்துல சேந்து உங்க ஆத்தூர் டேமுக்குத்தாங்க” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. எங்கள் குழாயடியில் நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்ட தண்ணீர் இங்கேதான் பிறந்திருக்கிறது.

இலை போட்ட பிறகு

வீட்டுக்குத் திரும்பியபோது இலை போட்டுத் தயாராக இருந்தது. பசி குடலைப் பிடுங்கியது. பீன்ஸ் பொரியல் வாசனை கொல்லைவரை வந்தது. பெரியப்பா நாற்காலியைவிட்டு எழுந்திரிக்கவில்லை.

“குத்தமாச் சொல்லல. எடம் நல்ல எடம். பையனும் லச்சணமாத்தான் இருக்கான். ஆனா எங்க வம்சத்துல கெணறு இல்லாத வீட்டுல பொண்ணு குடுத்ததில்ல. நாளைக்கு நாலு பேரு கேப்பான்ல?”

மாப்பிள்ளையின் அப்பா சம்பந்தத்தை விட மனசில்லாமல் தவித்தார். அப்போது மலை வாழைக்கு ஒரு நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழிந்துகொண்டிருந்தது. அவர் தோட்டமும் போயிருந்தது. புதிதாக ஏதாவது பயிர் வைத்தாக வேண்டிய நெருக்கடி. அந்த நல்ல மனுஷர் சட்டென்று சொன்னார்:

“அம்புட்டுத்தானுங்களே, கெணறு வெட்டிடலாமுங்க! மேல பாத்தீங்களே, அந்தக் காட்டுல நமக்குப் பாத்தியப்பட்ட மரத்தக் கரிமூட்டம் போடுறவரு ரொம்ப நாளாக் கேக்குறாரு. அதக் குடுத்தாக் கல்லுக் கட்டடமாவே கெணறு கட்டிப்புடலாம். காடு அழிஞ்ச எடத்துல உருளக்கெழங்கு போட்டுக்கலாம். வைகாசிக்குள்ள முடிச்சுப்புடறனுங்க.”

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. “அப்பச் சரி” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்தார். காடு போவதைப் பற்றி அந்த அறையில் ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தோன்றிய ஒருத்தி அடுப்படி வாசலில் கரண்டியோடு நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா முகம் வெளுத்துவிட்டது. ஆனால் ஆண்கள் பேசும்போது வாய் திறந்து பழக்கமில்லாத பெண்பிள்ளை.

காடு மேல் எனக்கு அன்றே பாசம் வந்துவிட்டது என்று சொன்னால் அது பொய். எனக்குத் தண்ணீர் வேண்டும், அவ்வளவுதான். கண்ணால் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன், மரம் கறக்கிற தண்ணீர்தான் மூங்கிலில் வருகிறது. மரத்தை வெட்டிக் கிணறு கட்டினால் நான் இங்கேயும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான். கதவுக்குப் பின்னாலிருந்து சொல்லிவிட்டேன்.

“பெரியப்பா, எனக்குக் கெணறு வேணாம். அந்தக் காட்ட வெட்டச் சொல்லாதீக.”

கல்யாணம் பேசுகிற இடத்தில் பெண் வாய் திறந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மாப்பிள்ளை மேல் ஆசைப்பட்டு, கிணறுகூட வேண்டாம் என்கிறாளாம். இவர் அந்த அர்த்தத்தைத்தான் எடுத்துக்கொண்டார். கடைசிவரை அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

பெரியப்பா குடையை எடுத்துக்கொண்டார். “பொட்டப்புள்ள பேசுற எடமா இது? கெளம்புங்க. இந்தச் சம்பந்தம் வேணாம்.”

என் அம்மா அதுவரை பெரியப்பாவிடம் நேராகப் பேசியதே கிடையாது. கணவனுக்கு மூத்தவர், அந்த மரியாதை. அவர் எதிரிலேயே இருந்தாலும், “பெரியப்பாவுக்கு மோர் வேணுமான்னு கேளு” என்று என் வழியாகத்தான் கேட்பாள். அன்றைக்கு அவள் அறை நடுவே வந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, போட்டிருந்த இலைகளில் ஒன்றின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

“மதினி, சோறு போடுங்க” என்றாள்.

பிறகு தலை நிமிர்ந்து பெரியப்பாவைப் பார்த்தாள். “மச்சான், நீங்க கெணத்துல கல்லப் போட்டுப் பாப்பீக. அந்தத் தண்ணிய எறச்சுத் தலையில சொமந்தவ நானு. எம்பொண்ணு இங்கதான் வாழணும்.”

மாப்பிள்ளையின் அப்பாவிடமும் சொன்னாள். “அண்ணே, கெணறு வேணாம். அந்தக் காடு நிக்கிற வரைக்குந்தான் எம்பொண்ணு உங்க வீட்டுல இருப்பா. வெட்டுனீகன்னா அன்னைக்கே வந்து கூட்டிக்கிட்டுப் போயிருவேன். இந்த வாக்கு ஒண்ணு குடுங்க, வேற எதுவும் கேக்கல.”

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கரண்டியோடு வந்து என் அம்மா இலையில் சோற்றைப் போட்டாள், ஒரு கரண்டி நிறைய, பிறகு இன்னொரு கரண்டி. அதைப் பார்த்துவிட்டு அவர் தலையை ஆட்டினார். அம்மா பிசைந்து ஒரு வாய் எடுத்தாள். என் கல்யாணம் நிச்சயமானது அந்த ஒரு வாயில்தான்.

பெரியப்பா வாசலிலேயே வெகுநேரம் நின்றார். கடைசி பஸ் போயிருக்கும் என்று இவர் போய்ச் சொன்னபிறகு உள்ளே வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மூன்று தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

காடு நின்றது

மாமனார் வாக்குத் தவறவில்லை. கரிமூட்டக்காரர் அதன் பிறகும் சில தடவை வந்தார். “பொண்ணு குடுத்த அம்மா வந்துருவாங்க” என்று மாமனார் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிவிடுவார். பக்கத்து மலைகளில் அப்படி வாக்குக் கேட்க ஆளில்லை. சோலை போய் உருளைக்கிழங்கு வந்தது, புல்வெளி போய்ச் சீமை மரம் வந்தது. சில வருஷத்திலேயே அங்கிருந்து பெண்கள் குடம் எடுத்துக்கொண்டு எங்கள் கல்தொட்டிக்கு வர ஆரம்பித்தார்கள். வெட்டின சோலை திரும்ப முளைக்காது. அந்த மரங்களின் கன்றுக்கு வெட்டவெளி ஆகாது. பகல் வெயிலும் ராத்திரி உறைபனியும் சேர்ந்து கருக்கிவிடும், தாய் மர நிழலில் இருந்தால்தான் பிழைக்கும். அங்கே குடியிருந்துதான் இதைத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கல்யாணத்துக்கு அப்புறம், மறுவீடு முடிந்து, என்னைக் கொண்டுவந்து விட அம்மா மலைக்கு வந்த நாளைப் பற்றி.

ஒரு வாரம் இருக்கப்போகிறாள் என்று மாமியார் அவளுக்கென்று தனியாகக் கம்பளி எடுத்து வைத்திருந்தாள். வந்த அன்று அம்மா தொட்டியடியில் உட்கார்ந்து, சீயக்காய் தேய்த்து, மூங்கிலுக்குக் கீழே தலையைக் கொடுத்து ஆசை தீரக் குளித்தாள். சொம்பில் மொண்டு அளந்து ஊற்றாமல் அவள் குளித்து நான் பார்த்ததே இல்லை. உதடு நீலம் பாரித்தும் எழுந்திரிக்கவில்லை. மாமியார்தான் அதட்டி எழுப்பினாள்.

மறுநாள் காலையில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்.

“என்னம்மா, ஒரு வாரம்னியே?”

“நாளைக்கு நம்ம தெருவுக்குக் கொழாய் மொறடி. செத்த நேரம் தாமசிச்சாலும் பஸ்ஸ விட்டுருவேன். ரெண்டு பேரு தூக்குனத இனி நான் ஒருத்தியில்ல தூக்கணும்?”

அழுதுகொண்டு சொல்லவில்லை. அடுத்த வேலையைச் சொல்வதுபோலத்தான் சொன்னாள். அவளுக்குப் பின்னால் மூங்கிலிலிருந்து தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. என்னை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டு, என் குடத்தையும் சேர்த்துத் தூக்க அம்மா மலை இறங்கிப் போனாள்.